கிணற்று வளைவில் தூக்கிய கால்

ஜூன் 3, செவ்வாய்

அறிக்கை இன்று வந்தது. பதினோரு பக்கம், பளபளவென்று அட்டை. உள்ளே ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக முடியவில்லை. கான்வென்டில் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சிஸ்டர் பெனடிக்டா தாளைத் திருப்பி நீட்டி, நீயே உரக்கப் படி என்றிருப்பார். அந்தக் கான்வென்டில் தமிழ் பேசினால் அபராதம். அந்தக் கோபத்தில்தான் அன்றிலிருந்து நாட்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். என் கணவர் தொடங்கிய கார்ப் பந்தய அணி இவர் போன பிறகு என் பெயரில் இருக்கிறது. போன வருடம்வரை இரண்டு கார். இந்த வருடம் பம்பு கம்பெனிக்காரர்கள் ஒரு காருக்குத்தான் செலவு செய்வார்களாம். அதை யார் ஓட்டுவது என்பதை டேட்டாவை வைத்து முடிவு செய்ய வேண்டுமாம். ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒரு பக்கம் என் மகன் ரகு. இரண்டு முறை சாம்பியன். மறுபக்கம் ரிஃபானா என்று குனியமுத்தூர்ப் பெண், இருபத்திரண்டு வயது, இப்போதுதான் குட்டிக் கார்களிலிருந்து பெரிய காருக்கு வந்தவள்.

இருவரையும் திரை முன் உட்கார்ந்து ஓட்டும் சிமுலேட்டரிலும் ஓட்டவிட்டு, நிஜ டிராக்கிலும் ஓட்டவிட்டு, இரண்டையும் சரிபாதியாகச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சிமுலேட்டரில் ரகு முந்தி. டிராக்கில் அவள் முந்தி. கூட்டினால் அவள் முந்தி, மயிரிழையில்.

ஏழாம் பக்கத்தில் ரகுவைப் பற்றி: "கிணற்று வளைவில் காலைத் தூக்குகிறார். நம்பிக்கைக் குறைவு."

நம்பிக்கைக் குறைவாம். இவர் மகனுக்கு.

ஜூன் 4, புதன்

குழாயில் சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன் "வந்துட்டே இருக்கனுங்க" என்று காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறான். அறிக்கையில் பதினேழு எழுத்துப் பிழைகள்.

ஜூன் 5, வியாழன்

அணியின் பீளமேட்டு ஷெட்டுக்கே போய்விட்டேன். அறிக்கையை எழுதிய மௌலி இருந்தான். பவானிக்காரன், டேட்டா இன்ஜினியர். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்து, மறுபடி துடைத்தான்.

"நம்பிக்கைக் குறைவுன்னா என்ன?" என்றேன்.

"காட்டறனுங்கம்மா." இரண்டு கோடுகளைத் திரையில் வரைந்தான். "இது ஆக்சிலேட்டர். கோடு மேல இருந்தா முழுசா மிதிச்சிருக்காருன்னு அர்த்தம். கீழ வந்தா காலை எடுத்துட்டாருன்னு அர்த்தம். இது சிமுலேட்டர்ல கிணத்து வளைவு. பாருங்க, கோடு ஆடவே இல்ல."

கிணற்று வளைவு என்பது டிராக்கிலேயே வேகமான இடம். வேலிக்கு அப்பால் ஒரு பாழுங்கிணறு இருப்பதால் பையன்கள் வைத்த பெயர். அங்கே காலை எடுக்காமல் போகிறவன்தான் ஓட்டுநர் என்று இவர் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

"அப்புறம் என்ன குறை?"

"இது டிராக்குல ஓட்டுனது. கார்ல இருக்கிற சென்சார் சொல்றதுங்க. அதே வளைவு, அதே ஆள்."

கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சின்னப் பள்ளம்தான். அடுத்த சுற்றிலும் இருந்தது. அதற்கடுத்த சுற்றிலும்.

"காத்து அடிச்சிருக்கும்."

"ஒவ்வொரு ரவுண்டுலயும் அதே இடத்துலயா காத்து அடிக்குமுங்கம்மா?"

"கிண்டலா?"

"ஐயோ, இல்லீங்கம்மா."

கிண்டல்தான்.

"ரகுகிட்ட கேட்டியா?"

"கேட்டனுங்க. தூக்கலையேன்னாரு. பொய் சொல்லலீங்க அவர். கால் எடுக்கறது அவருக்கே தெரியல. சிமுலேட்டர்ல மோதுனா ஒண்ணும் ஆகாதில்லீங்களா. அதனால அங்க எடுக்கறதில்ல. நாங்க ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறதே இந்த வித்தியாசத்துக்குத்தானுங்க."

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் வந்தாள். ஒல்லி. கையில் ஹெல்மெட், வாயில் சூயிங்கம். "ஹாய் ஆண்ட்டி."

"நான் யாருக்கும் ஆண்ட்டி இல்ல."

"சரிங்க மேடம் ஆண்ட்டி," என்று சிமுலேட்டர் அறைக்குள் போய்விட்டாள்.

ஜூன் 7, சனி

பம்பு கம்பெனி டைரக்டர் மனோகரன் வீட்டுக்கு வந்தார். தட்டில் வைத்த முறுக்கை உடைத்து உடைத்துத் தின்றபடி பேசினார்.

"டேட்டா பொய் சொல்லாதுங்க மேடம். ஆனா பாருங்க, டேட்டாவே விஷயத்தை உங்க கையில விட்டுருச்சு. வித்தியாசம் நொடியில பத்துல ஒரு பங்குக்குள்ள இருந்தா யாரை வேணும்னாலும் ஓனர் போட்டுக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. அதுக்குள்ளதான் இருக்குது. உங்க பையனையே போட்டுக்கங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

போட்டுக்கங்க. மீந்த குழம்பைப் போட்டுக்கொள்வது போல.

"அவன் தகுதியில ஜெயிச்சதா அறிக்கை சொல்லணும். நான் சொல்லிப் போட்டதா இருக்கக் கூடாது," என்றேன்.

"அறிக்கை அப்படிச் சொல்லலீங்களே மேடம்."

"அறிக்கையில தப்பு இருக்கு. கண்டுபிடிச்சுத் தர்றேன்."

"தப்பு இல்லீன்னா?"

"பதினோரு பக்கத்துல பதினேழு எழுத்துப் பிழை விட்டவன் எண்ணுல மட்டும் விடாம இருப்பானா?"

சிரித்தார். எனக்கு அது நகைச்சுவை இல்லை. அவர் போன பிறகு ரகு மாடியிலிருந்து இறங்கி வந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"கையெழுத்துப் போட்டு முடிச்சிருக்கலாமேம்மா."

"அம்மா தயவுல சீட்டு வாங்கினான்னு ஊர் சொல்லட்டுமா?"

அவன் தட்டில் மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். முப்பத்தாறு வயது. எதற்கும் எதிர்த்துப் பேசாத பிள்ளை. அதுவே சில நாள் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

ரகு வழக்கம்போல் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிறுதோறும் எங்கே போகிறான் என்று மருமகளைக் கேட்டேன். "மேட்டுப்பாளையம் அத்தை. ஃபிரெண்டைப் பாக்க," என்றாள் வினோதா. எந்த ஃபிரெண்ட் என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. நான் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

சாப்பாட்டு மேசையில் வரைபடங்களை விரித்து, ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜ்காரன் வந்தான். நான் தலையைத் தூக்கவில்லை. பழுது பார்த்தானா, பார்த்துவிட்டு மட்டும் போனானா தெரியாது.

பௌதிக ஆய்வுக்கூடத்தில் கம்பியின் தடிமனை அளக்கும் ஸ்க்ரூ கேஜைக் கையில் எடுத்ததும் முதலில் ஒன்றும் வைக்காமல் மூடிப் பார்க்க வேண்டும். பூஜ்யத்தில் நிற்கிறதா என்று. நிற்காவிட்டால் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் எதையும் அளக்கலாம். அளக்கப்படும் கம்பியைச் சந்தேகப்படும் முன்னால் அளக்கும் கருவியைச் சந்தேகப்படு. இந்தப் பையன்கள் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆக்சிலேட்டர் கோட்டை விட்டுவிட்டு பிரேக் கோடுகளைப் பார்த்தேன். ரகுவுடையது மலைத்தொடர் மாதிரி. கடுமையான திருப்பத்தில் உயரம், லேசான திருப்பத்தில் தாழ்வு. டிராக்கில் அந்தப் பெண்ணுடையதும் அப்படித்தான். அவனுடையதைவிடக் கூர்மை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் சிமுலேட்டரில் அவள் கோடு விநோதமாக இருக்கிறது. கடுமையான திருப்பங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முட்டி நிற்கிறது. அதற்கு மேல் ஏறவில்லை. சுற்றுகள் போகப் போக அந்த உயரமும் இறங்குகிறது. கால் சோர்ந்து போகிற கோடு அது.

டிராக்கில் சோராத கால் சிமுலேட்டரில் ஏன் சோர்கிறது? ஒரே கால்தானே. அப்படியானால் மிதிகட்டை வேறு.

கருவியில் பிழை. அறிக்கை செல்லாது. மதியம் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மௌலியின் மேசையில் தாள்களைப் போட்டேன். அந்தப் பெண்ணும் இருந்தாள். இருக்கட்டும் என்றே சொன்னேன்.

"இது காரோட பிரேக் இல்ல. சிமுலேட்டர் பிரேக்கை எப்படி அளக்கறே, காட்டு."

"இதுல மிதிகட்டை எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறதில்லீங்கம்மா. எத்தனை கிலோ அழுத்தம்னுதான் பாக்கும்..." என்று சொல்லிக்கொண்டே ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். பேச்சு நின்றது.

"என்ன?"

"நூறுங்கம்மா."

"என்ன நூறு?"

"நூறு கிலோ அழுத்துனாத்தான் முழு பிரேக்குன்னு இருக்குங்க. நம்ம கார்ல அறுபது போதும்."

"யார் வெச்சது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ரகு அண்ணன். நாலு வருஷம் முன்னாடி. பிரேக் கல்லு மாதிரி இருக்கணும்னு கேட்டாரு. அவர் கால் பலத்துக்கு அது பழகிருச்சு. இவங்க வந்தப்ப சீட்டை முன்னால இழுத்தோம், மிதிகட்டையைக் கிட்டக் கொண்டாந்தோம். இதை மாத்தணும்னு யாருக்கும் தோணலீங்க."

நான் அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். "மிதிக்க முடியலன்னா வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னா பொண்ணுக்குக் கால்ல பலமில்லன்னு எழுதுவீங்க," என்றாள். "சொல்லாமயே ஒன்பதாம் பக்கத்துல அப்படித்தானே எழுதியிருக்காரு. 'பிரேக் பிடிப்பதில் தயக்கம்.' டிராக்குல எங்க தயங்குனேன், காட்டச் சொல்லுங்க."

மௌலி காட்டவில்லை. காட்ட ஒன்றும் இல்லை.

அவள் வெளியே போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இதைத் திருத்துனா யாருக்கு ஆதாயம்னு..."

"எனக்குக் கணக்கு தெரியும்."

"இல்லீங்கம்மா, இப்படியே விட்டா உங்க கையெழுத்து மட்டும் போதும். நானா இதை எங்கயும் சொல்ல மாட்டேன். அவங்களும் பெருசு பண்ண மாட்டாங்க, சின்னப் பொண்ணு."

என்ன துணிச்சல். என் வீட்டுச் சோறு உண்டவன், என்னைப் பார்த்து. சமாதானமாகச் சொல்கிறானாம், எனக்கு உதவி செய்கிறானாம். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. தாள்களை அள்ளிக்கொண்டு வந்து கார்க் கதவை ஓங்கிச் சாத்தினேன். கோபத்தில்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சாப்பிடவில்லை. மாலையில் மௌலிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை இருவரும் சிமுலேட்டரில் மறுபடி ஓட்டட்டும், பிரேக் காரில் இருப்பது போலவே இருக்கட்டும் என்றேன். மனோகரனையும் வரச் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

ரகுவிடம் நானே சொன்னேன். எதை வைத்தார்கள், யார் வைத்தது, எதற்காகத் திருத்துகிறோம், எல்லாம். கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

"பின்ன யாரு?"

"அப்பா இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு," என்று சிரித்தான். "செய்ங்கம்மா. நல்லாவே செய்ங்க."

சீட்டு கையை விட்டுப் போகப்போகிறது. இந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு. வினோதா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது கவலை என்று சொல்ல முடியாது.

ஜூன் 13, வெள்ளி

முதலில் ரகு ஓட்டினான். பிரேக் அறுபதுக்கு மாறியதும் முதல் சுற்றில் தடுமாறினான், பிறகு பழைய நேரத்துக்கே வந்துவிட்டான். பிறகு அவள். சூயிங்கத்தைத் துப்பிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு முறை மிதித்துப் பார்த்து, தலையைத் திருப்பி மௌலியைப் பார்த்தாள். "அண்ணா, இதானா காரோட பிரேக்கு? இத்தனை நாள் எதை மிதிச்சிட்டிருந்தேன் நானு?" என்றாள்.

மூன்றாவது சுற்றில் அவனைத் தாண்டிவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றும் அதைவிட நன்றாக இருந்தது. மயிரிழை எல்லாம் போய்விட்டது. வித்தியாசம் நொடியில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டிவிட்டது. மௌலி புதுத் தாளை என்னிடம் நீட்டினான். ஒரு பிழையும் இல்லை, எழுத்திலும் கூட.

ரகு கைதட்டினான். ஷெட்டில் வேறு யாரும் தட்டவில்லை. அவனுடைய இரண்டு கை மட்டும்.

"உங்க கையெழுத்துக்கு இப்ப வேலையே இல்லாம பண்ணிட்டீங்களே மேடம்," என்றார் மனோகரன். "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்லீங்க." பாராட்டா, பரிதாபமா தெரியவில்லை. இரண்டும் எனக்கு வேண்டாம்.

எல்லோரும் போகும்வரை இருந்து மௌலியிடம் ஒன்று கேட்டேன். "அந்தப் பள்ளம். கால் தூக்கறது. எப்பலேர்ந்து?"

பழைய ஓட்டங்களின் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். போன வருடம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் இருந்தது. ஆகஸ்டில் இல்லை. அதற்கு முன் எதிலும் இல்லை.

"ஆகஸ்ட் ரேஸ்லதானுங்கம்மா தினகரன் அண்ணன் கார் உருண்டது. கிணத்து வளைவுல. நம்ம அண்ணன் அவர் கார் பின்னாலயே வந்துட்டிருந்தாரு. காரை நிறுத்திட்டு இறங்கி ஓடுனாரு, ஞாபகம் இருக்குங்களா?"

இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பந்தயத்தை விட்டுவிட்டு இறங்கினாயே, அதற்கென்று ஆட்கள் இல்லையா என்று அன்று வீட்டில் நான் கேட்டதும் நினைவிருக்கிறது.

தினகரனுக்கு முதுகெலும்பு முறிந்தது. வேறு அணிப் பையன். ஊர் மேட்டுப்பாளையம்.

ஜூன் 15, ஞாயிறு

ரகு காரை எடுக்கும்போது நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவன் என் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். காரமடை தாண்டினோம். லாரி ஒன்றின் பின்னால் வழி கிடைத்தும் முந்தாமல் வந்தான்.

சின்ன வீடு. உள்ளே சக்கர நாற்காலியில் தினகரன். அறை முழுக்க ஒரு சிமுலேட்டர். பெரிய திரை, ஸ்டீயரிங். கால்மிதி இல்லை. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையால் இழுக்கும்படி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பிடிகள். ரகுவே செய்து கொடுத்ததாம். என் ஷெட்டில், என் லேத்தில். எனக்குத் தெரியாமல்.

"வாங்கம்மா. உங்க பையன் எங்கிட்ட தோத்துட்டுப் போறதுக்காகவே வாராவாரம் பெட்ரோல் செலவு பண்ணிட்டு வர்றான்," என்றான் தினகரன்.

"போன வாரம் யார்ரா ஜெயிச்சது?" என்றான் ரகு.

"அது நான் இருமிட்டிருந்தேன்."

"கையாலதானடா ஓட்டறே, இருமலுக்கென்ன?"

"இருமும்போது ஒரு கையால வாயை மூடணுமில்ல. எங்கம்மா வளத்த வளப்பு அப்படி."

என் மகன் வீட்டில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ரகு டீ வாங்கிவரப் போனதும் தினகரன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"அவனை நிறுத்தச் சொல்லுங்கம்மா. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அவனுக்கு இது போதும்னு ஆயிருச்சு. 'எங்கம்மாகிட்ட யார்ரா சொல்றது'ங்கறான். உங்களைப் பாத்தா அப்படியொண்ணும் பயமா தெரியலையே."

"நான் இப்ப கோபமா இல்ல."

"இது கோபம் இல்லீங்களா?" என்றான். நிஜமாகவே கேட்டான்.

டீ ஆறிப் போய் வந்தது. சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன். திரும்பி வரும் வழியில், என்ன சொன்னான் அவன் என்று ரகு கேட்டான். டீக்கடையை மாற்று என்றான், என்றேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் ரிஃபானாவின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் தன் வாப்பாவுடன் வந்திருந்தாள். அவர் பேண்ட் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "புள்ளைய நல்லா பாத்துக்கங்கம்மா" என்றார். பார்த்துக்கொள்ளவெல்லாம் முடியாது, ஒழுங்காக ஓட்டினால் இருப்பாள், இல்லாவிட்டால் வெளியேறச் சொல்லித் தாள் வரும் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது போலிருக்கிறது. அவள் மட்டும் போகும்போது, "தேங்க்ஸ் மேடம்" என்றாள். ஆண்ட்டி இல்லாமல். சூயிங்கமும் இல்லை.

பிறகு ரகுவைக் கூப்பிட்டேன். சீட்டு அவளுக்கு என்றேன். தெரியும்மா என்றான். எனக்கும் தெரியும் என்றேன். எது என்று அவன் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

முடியாது என்று சொல்லியிருப்பேன். இவர் பெயரைச் சொல்லி, இரண்டு கோப்பைகளையும் அலமாரியிலிருந்து எடுத்து முன்னால் வைத்து, முடியாது என்று சொல்லியிருப்பேன். அவனுக்கும் தெரியும். அதனால் இரண்டு வருடம் அந்த வளைவில் போய்ப் போய் வந்திருக்கிறான். ஏதாவது ஆகியிருந்தால்? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, கால் மட்டும் தினமும் சொல்லியிருக்கிறது, அதையும் யாரோ ஒரு பவானிப் பையன் வந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு கோழைத்தனமா? இப்படி ஒரு அம்மாவா நான், பயந்து சாக? எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த பேனாவைக்கூட மூடத் தோன்றவில்லை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது வினோதா காபி கொண்டுவந்தாள். அவன் குடித்தான். சோபாவில் சாய்ந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டான். வாயைத் திறந்தபடி, காலையில் பத்து மணிக்கு, வேலை நாளில்.

சமையல்காரி சரசு தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைத் திருகப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இன்றைக்குச் சட்னி இல்லாவிட்டால் பரவாயில்லை.

அவன் எழுந்ததும் திட்ட வேண்டும்.